ஸீ வியூ லாட்ஜ், கோத்தகிரி

பெயர்ப்பலகையில் ஒரு கப்பல் வரைந்திருக்கிறது.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஆறாயிரம் அடி உயரத்தில்
மழையில் நனையும் கப்பல்.

'கூட யாரும்மா?' என்று
எதிர் லாட்ஜில் கேட்டார்கள்.
கணக்குப் புத்தகங்கள் என்றேன்.
ரூம் இல்லை என்றார்கள்.
பதினாறு சாவிகளும்
ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

இங்கே சிலுவை கர்வாலோ
எதுவும் கேட்கவில்லை.
ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்து
'விருதுநகரா. வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு,
பக்கெட் முப்பது ரூபாய்' என்றார்
ஒரே மூச்சில்.

கூட்டுறவுத் தணிக்கைக்காரிக்கு
அரசு தரும் வாடகையில் கிடைக்கும் அறைகளை
பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியும்.
ராமேஸ்வரத்தில் குழாயைத் திறந்தால்
கடலே வந்தது.
சோப்பு கடைசிவரை நுரைக்கவில்லை.
வேளாங்கண்ணியில்
குளியலறைக் கதவின் ஓட்டையை
எனக்கு முன்னால் தங்கிய எவளோ
பஸ் டிக்கெட்டை மடித்து அடைத்துவிட்டுப் போயிருந்தாள்.
முகம் தெரியாத அவளுக்கு
தாழ்ப்பாள் போடும்போதெல்லாம் நன்றி சொல்கிறேன்.
கன்னியாகுமரியில் நாலரை மணிக்கு
கதவைத் தட்டி 'சூரியன்! சூரியன்!' என்று கத்தினான் ஒருவன்,
எங்கோ தீப்பிடித்த மாதிரி.
மொட்டைமாடிக்கு ஓடினோம்.
மேகம்.
பக்கத்து அறைக் குழந்தை
தன் பிஸ்கட்டில் பாதியை எனக்குக் கொடுத்தது.
பயணப்படிப் படிவத்தில்
அதை எழுத இடமில்லை.

இந்த அறையில்
ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவர், டீசல் வாசம்.
தலையணையில் நீளமாய் ஒரு முடி.
என்னுடையது இல்லை, நான் கிராப்பு.
ஓதம் பூத்த மூலையில் இலங்கை வரைபடம்.
மேலே பார்த்தேன், நம்பாமல் மறுபடி பார்த்தேன்:
மூன்று இறக்கை மின்விசிறி.

'யாருக்குங்க இது, இந்தக் குளிர்ல?'
கம்பளி கொண்டுவந்த ஆல்துரை
சிரிக்காமல் சொன்னார்:
'மணப்பாட்டுல அவர் தம்பி லாட்ஜ் கட்டினாரு.
அதே பிளான்ல இவரும் கட்டிட்டாரு.
போர்டு ரெண்டாச் செஞ்சா விலை கம்மின்னு
பேரும் அதே.'
போகும்போது திரும்பி,
'கம்பளிக்கு அம்பது' என்றார்.

பச்சை இலை எடை போடும் முற்றத்தில்
சாயங்காலம் முழுக்க மழையில் நின்றிருந்தேன்.
மாற்றுச் சுடிதாரும் பையோடு நனைந்திருந்தது.
காலை பத்துக்கு நிர்வாகக் குழு.
நாற்காலி முதுகில் விரித்ததும்
சொட்டிக்கொண்டே இருந்தது, ஒரு மணி, இரண்டு மணி.
எழுந்து சுவிட்சைப் போட்டேன்.

முதலில் ஒரு முனகல்.
பிறகு தூசி, விட்டில் சிறகுகள்,
ஒரு சிலந்தியின் மொத்தக் குடித்தனம்
என் தலையில்.
பிறகு சுற்றியது.
இரண்டு கம்பளிக்குள் சுருண்டு
ஃபேன் சத்தத்தில் கண் சொருகியபோது
படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்து
என் கதவுக்கு வெளியே நின்றது.

தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்தபடி
மூச்சு விடாமல் நின்றேன்.
அப்படி நிற்க
லாட்ஜுகள்தான் கற்றுக்கொடுத்தன.

'அம்மா... ஃபேனா ஓடுது?'
'ஆமா.'
'நல்லா ஓடுதா?'
'மூணுல ஓடுது.'
வெகுநேரம் ஒன்றுமில்லை.
'பதினோரு வருஷமாச்சு மாட்டி.
யாருமே போட்டதில்ல.
ஓடட்டும், ஓடட்டும்.'
ஒரு படி இறங்கி நின்றார்.
இன்னொரு படி இறங்கி
நின்றார்.
நான் தாழ்ப்பாளை விடவில்லை.

காலையில் பில்:
அறை, கம்பளி, வெந்நீர்.
மின்விசிறிக்கு எதுவும் போடவில்லை.
கூட்டலில் பத்து ரூபாய் குறைந்தது,
சுட்டிக்காட்டினேன். தொழில் பழக்கம்.
பத்தை வாங்கி மேஜைக்குள் போட்டுக்கொண்டு
'மணப்பாட்டுல இப்ப நல்ல காத்து' என்றார்
யாரையும் பார்க்காமல்.

பஸ்ஸைக் கடந்து நடந்தேன்.
சுடிதார் காய்ந்திருந்தது,
வலது கை மட்டும்
இன்னும் கொஞ்சம் ஈரம்.